தங்கப்பல்

டப்பா செய்கிற இடத்தில் டப்பாவுக்கு முகம் உண்டு. தகட்டை உருட்டி உடம்பாக்கி, அதன் விளிம்பை வெளிப்பக்கமாக விரித்துவிட்டால் அது உதடு. அடைத்த சரக்கு கெட்டு உப்பினால் வயிறு. மூடியும் உடம்பும் சேர்கிற ஒட்டு ஓரிடத்தில் தளர்ந்து கீழே வழிந்து நின்றால் அது நாக்கு. புத்தகத்துப் பேர்கள் வேறே. அவை சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கின. ஆடிட்டுக்கு வருகிறவர்கள் அவற்றைப் படித்துத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு மெஷின் முன்னால் நிற்கிறவனுக்கு, ஹாலின் அந்தக் கோடியிலிருந்து கத்தினால் இந்தக் கோடியில் விழுகிற பேர்தான் பேர்.

அப்படி விழுகிற பேர்களில் பெரியது தங்கப்பல்.

நாக்கு என்று யாராவது கத்தினால் ஒன்றும் ஆகாது. ஆபரேட்டர் கையை உயர்த்திக் காட்டுவார், ஒட்டை அழுத்துகிற உருளையை ஒரு பிடி இறுக்குவார், அந்த ஒரு டப்பா கழிவுத் தொட்டிக்குப் போகும், லைன் தன்பாட்டுக்கு ஓடும். தங்கப்பல் என்று கத்தினால் லைன் நிற்க வேண்டும். சிவப்புப் பொத்தானை அறைந்து நிறுத்திவிட்டு, கடைசியாகச் சோதித்த டப்பாவரைக்கும் பின்னால் போய் எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அதனால் அந்தச் சொல்லைக் கத்துகிறவனுக்கு நல்ல கண் வேண்டும், அதைவிட நல்ல தொண்டை வேண்டும்.

மருமகனுக்கு இரண்டும் இருந்தன. ஹாலில் எல்லோருக்கும் அவன் 'மாப்ள'. மாமனார் வேலை பார்க்கிற இடத்திலேயே வேலைக்குச் சேர்ந்து, மாமனார் வீட்டிலேயே சாப்பிட்டுத் தூங்குகிறவனுக்கு வேறு என்ன பேர் வைப்பார்கள்? வேலையே மாமனார் ஆபீஸ் வாசலில் கைகட்டி நின்று கேட்டு வாங்கியது. லோடிங்கில் போடுங்கள் என்றுதான் அவர் கேட்டார். ஆபீஸில் அவனைப் பேசவிட்டுப் பார்த்துவிட்டு, "இந்தத் தொண்டையை வச்சுக்கிட்டு மூட்டை தூக்குறதா?" என்று சீமிங் ஹாலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். ஒரு பக்கம் மட்டும் மூடி ஒட்டின, இன்னும் சரக்கு அடைக்காத டப்பாக்கள் மெஷினை விட்டு வெளியே வருகிற இடத்தில் நின்று, ஒட்டைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தப்பு தெரிந்தால் கத்த வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதில் அவனுக்குப் பெருமையும் இருந்தது. "மாப்ள கத்துனா பக்கத்து கம்பெனியிலயும் லைன் நிக்கும்" என்று சொல்லிக்கொள்வார்கள்.

மாமனார் கழிவுத் தொட்டி தள்ளுகிறவர். ஹால் ஹாலாகப் போய்த் தள்ளுபடி டப்பாக்களை அள்ளித் தள்ளுவண்டியில் கொட்டி, பின்பக்கம் கொண்டுபோய் அழுத்துமெஷினில் போட்டுக் கட்டியாக்குவார். ஒல்லி ஆள், மேல்வரிசையில் ஒரு பல் இல்லை. சிரித்தால் கை தானாக வாய்க்குப் போகும். மருமகன் தங்கப்பல் என்று கத்தும்போது ஹாலில் எல்லாத் தலையும் திரும்பும், அவர் தலை மட்டும் திரும்பாது. குனிந்தபடியே அள்ளிக்கொண்டிருப்பார். மெஷின் இரைச்சலில் ஆயுசு முழுக்க நின்ற மனுசன், காது மந்தம் என்று மருமகன் நினைத்திருந்தான்.

ஒரு நாள் சாயங்காலம் சாப்பிடும்போது பேச்சு அந்தப் பக்கம் போனது. மனைவி வீட்டிலேயே துணி தைத்துக் கொடுக்கிறவள். மூடியை எப்படித் தைக்கிறீர்கள் என்று கேட்டாள்.

"தைக்கிறதில்லைடி. ஒட்டு."

"எங்க ஓவர்லாக் மாதிரியா?"

"உடம்போட உதடும் மூடியோட விளிம்பும் ஒண்ணை ஒண்ணு கொக்கி போட்டுப் பிடிச்சுக்கணும். இப்படி." விரல்களை வளைத்து அவள் விரல்களில் மாட்டினான். "இழு."

இழுத்தாள். வரவில்லை.

"இதுதான் ஒட்டு. இப்ப என் விரலைக் கீழ மடக்கிக்கிறேன். உன் விரல் மேல சும்மா உட்கார்ந்திருக்கு. வெளியில பார்த்தா கை கோத்த மாதிரியேதான் இருக்கும். இப்ப இழு."

கை கழன்று தண்ணீர்ச் சொம்பைத் தட்டிவிட்டது. "நல்லா ஒட்டுனீங்க" என்று துணியை எடுத்துப் போட்டுத் துடைத்தாள். "இந்த ஏமாத்து வேலைக்கு என்ன பேரு?"

"தங்கப்பல்."

மாமனார் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"பேரைப் பாரு! ஏன் அப்படி?"

"டப்பா உள்பக்கம் தங்கக் கலர்ல பூச்சு இருக்கும்ல. மடங்குன உதடு ஒட்டுக்குக் கீழ இத்தனூண்டு எட்டிப் பார்க்கும், பளிச்சுனு. ஆளு சிரிச்சா தங்கப்பல் தெரியுமே, அந்த மாதிரி."

"அட, அப்பாவுக்குக்கூட ஒண்ணு இருந்துச்சே!" அவள் திரும்பினாள். "நான் சின்னப் பிள்ளையா இருந்தப்ப. இந்தப் பக்கம், மேல. அதை ஏம்ப்பா புடுங்கிட்டீங்க?"

"வலிச்சுது."

"தங்கம் எங்கயாவது வலிக்குமா?"

"அடியில இருந்தது வலிச்சுது" என்று சொல்லிவிட்டு மாமனார் தட்டிலேயே கையைக் கழுவினார். தட்டில் சோறு மிச்சம் இருந்தது. ஒரு பருக்கை விடாமல் வழித்துச் சாப்பிடுகிற ஆள். மருமகன் அதைப் பார்த்தான்.

மறுநாள் ஆயில் சித்தப்பாவிடம் கேட்டான். ஆயில் சித்தப்பா என்பது ஃபிட்டர். கிரீஸ் துப்பாக்கியோடு எந்த மெஷினின் அடியிலாவது படுத்துக் கிடப்பார், வெளியே தெரிவது கால்தான். அந்த ஹாலில் அவரைவிடப் பழையது தரை ஒன்றுதான்.

"சித்தப்பா, தங்கப்பல்னு ஏன் பேரு வந்துச்சு?"

"பூச்சு மினுங்குதுன்னு சொல்லியிருப்பானுங்களே?"

"ஆமா. எனக்கு வேலை பழக்குனவர் சொன்னாரு."

"அவனுக்கு அவன் முன்னாடி இருந்தவன் சொல்லியிருப்பான். காரணம் நல்லாத்தான் இருக்கு. பேரு ஒண்ணு நின்னுட்டா காரணம் தானா முளைச்சுக்கும்." கால் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. பிறகு சித்தப்பா நகர்ந்து வெளியே வந்து உட்கார்ந்தார். "ஏன் கேக்குற?"

மருமகன் கையிலிருந்த டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு சித்தப்பா துணியில் கையைத் துடைத்தார்.

"உன் மாமனார்தான் அப்ப இந்த மெஷின்ல ஆபரேட்டர். ராசா மாதிரி நிப்பான். அவன் கையை வச்சா உருளை பேசும். ஒரு நாள் பல்லு கட்டிக்கிட்டு வந்தான். அன்னிக்குப் பூரா வாயை மூடலை. மெஷின் மெஷினாப் போய்ச் சிரிச்சுக் காட்டுனான். நானே விரலை விட்டுத் தொட்டுப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து உதடு விரிக்கிற மெஷின்ல என்னவோ தட்டி, உதடு மடங்கி மடங்கி வந்திருக்கு. ஷிப்டு முழுக்க. எல்லாம் மீன் அடைக்கப் போற டப்பா."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, போன வழியே திரும்பி வந்துச்சு. லாரி லாரியா. வயிறு வீங்கி. கடைக்குப் போகலை, குடோன்லயே வீங்கிடுச்சு. அந்த மட்டும் எவனோ செஞ்ச புண்ணியம். யார்டுல அடுக்கி வச்சு ஒவ்வொண்ணாக் குத்திக் கொட்டுனோம். அந்த நாத்தம் தலைமுடியை விட்டுப் போகலை. என் பொண்டாட்டி பாயைத் தூக்கி வாசல்ல போட்டுட்டா. அப்ப இருந்த போர்மேன் ஒரு டப்பாவை அறுத்து எல்லாருக்கும் காட்டுனான். 'இது அவன் பல்லு மாதிரிடா, மேல தங்கம், உள்ள சொத்தை'ன்னான். அவ்வளவுதான், பேரு வந்துடுச்சு. உன் மாமன் போய்ப் பல்லைப் புடுங்கிட்டு வந்தான். பேரைப் புடுங்க முடியலை."

சித்தப்பா மறுபடி படுத்துக்கொண்டார். "இப்ப யாருக்கும் தெரியாது. அன்னிக்கு இருந்தவன்ல மிச்சம் நான்தான். எல்லாரும் டப்பாவைப் பார்த்துத்தான் கத்துறானுங்க. நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காத."

மனசில் வைத்துக்கொள்ளாமல் எங்கே வைப்பது? மருமகனுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. காது மந்தமாவது ஒன்றாவது. அடுப்பில் பால் பொங்குகிற சத்தத்தை அடுத்த அறையிலிருந்து கேட்டுக் குரல் கொடுக்கிற மனுசன். அவர் கைக்கெட்டும் தூரத்தில் குனிந்து தொட்டியை அள்ளும்போது இவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கத்தியிருக்கிறான். பல் என்பதைப் பாட்டுக்காரன் மாதிரி இழுத்துக்கூடக் கத்தியிருக்கிறான், நாலு பேர் சிரிக்கட்டும் என்று. வேலைக்குச் சேர்ந்த புதிதில், என் தொண்டையைப் பார் என்று மனைவிக்குக் காட்ட வீட்டு நடுவில் நின்று கத்தியிருக்கிறான். பக்கத்து வீட்டுக்காரி என்னமோ ஏதோ என்று எட்டிப் பார்த்தாள். மாமனார் அப்போது உள்ளறையில் படுத்திருந்தார். தூங்கியிருப்பார் என்று அவனே சொல்லிக்கொண்டான். தூங்கியிருக்கவே மாட்டார் என்று இப்போது தெரிந்தது. அந்த வீட்டுச் சோற்றைத்தான் அன்றைக்கும் சாப்பிட்டான்.

அதற்குப் பிறகு அவனுக்கு ஒட்டின்மேல் ஒரு கண், வாசல்மேல் ஒரு கண். தள்ளுவண்டியின் இடது சக்கரம் கிறீச்சிடும். அந்தச் சத்தம் கேட்டதும் வருகிற டப்பாவை முந்திக்கொண்டு எட்டிப் பார்ப்பான். அவர் வந்துபோகிற நேரத்தில் தப்பு டப்பா வராமல் இருந்தால், பரீட்சையில் தெரிந்த கேள்வியே வந்துவிட்டதுபோல மூச்சு விடுவான். ஒரு முறை வண்டி உள்ளே இருக்கும்போதே வந்துவிட்டது. சுவரில் கண்ணாடிக்குள் எழுதியிருந்த பேரைக் கத்திப் பார்த்தான்: "பொய் ஒட்டு!"

ஆபரேட்டர் காதுப் பஞ்சைப் பிடுங்கினார். "என்னது? எந்த ஓட்டு?"

"பொய் ஒட்டு! பொய் ஒட்டு!"

"எலெக்சன் எப்பய்யா வந்துச்சு?"

கடைசியில் அவனே ஓடிப்போய்ப் பொத்தானை அடித்தான். சூப்பர்வைசர் வந்து, "ஹால்ல நின்னு பாடம் ஒப்பிக்காத. பேரைச் சொல்லு" என்று திட்டிவிட்டுப் போனார். மாமனார் அதற்குள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டிருந்தார்.

அப்புறம் அந்த நாள் வந்தது. பெரிய ஆர்டர், மீன் கம்பெனிக்கு. வாசலில் லாரி பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. சூப்பர்வைசர் நிமிசத்துக்கு ஒரு தரம் வந்து லைனைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார். காலையிலிருந்து ஒரு தப்பும் இல்லை. கிறீச் என்று சக்கரம் கேட்டது. மாமனார் வந்து அவன் காலடியில் இருந்த தொட்டியை இழுத்தார். தொட்டியின் காது வண்டிக் கம்பியில் மாட்டிக்கொண்டது. குனிந்து அதை விடுவிக்கப் பார்த்தார்.

ஒட்டுக்குக் கீழே மஞ்சளாக ஒரு துளி மினுங்கியது.

மூச்சை இழுத்துவிட்டான். வாய் திறந்துவிட்டது. 'த'வுக்கு நாக்கு மேலே போய்விட்டது. கீழே மாமனாரின் முதுகு. சட்டை வியர்வையில் ஒட்டி முதுகெலும்பு தெரிந்தது. பின்கழுத்தில் முடி நரைத்து, சரியாக வெட்டாமல் இருந்தது. அதை வெட்டிவிடுகிறவள் அவன் மனைவி.

"நாக்கு!" என்று கத்தினான்.

ஆபரேட்டர் கையை உயர்த்திக் காட்டிவிட்டு உருளையை இறுக்கினார். லைன் ஓடியது.

பொய் என்று கத்தும்போதே தெரியும். ஒன்றுதானே, கையில் எடுத்தாயிற்று, அவர் நகர்ந்ததும் கத்திவிடலாம் என்று சொல்லிக்கொண்டான். தொட்டிக் காது கழன்றுவரவில்லை. இன்னொன்று மினுங்கியது. எடுத்துப் போட்டான். இன்னொன்று. "நாக்கு!" ஆபரேட்டர் இன்னும் இறுக்கினார். இரண்டு கையாலும் எடுத்தான். இரண்டு கை போதவில்லை. கண்ணுக்குத் தெரிந்தே ஒன்று, அதன் பின்னால் இன்னொன்று என்று அவன் விரலைத் தாண்டிப் பளபளவென்று பெல்ட்டோடு மேலேறி, மரப்பலகைப் பேலட்டில் அடுக்குகிற பக்கம் போயின.

மாமனார் தொட்டிக்குள் கையை விட்டு ஒரு டப்பாவை எடுத்தார். பார்க்கக்கூட இல்லை. பெருவிரல் நகத்தை ஒட்டின்மேல் வைத்து ஒரு சுற்று ஓட்டினார். நகம் ஓரிடத்தில் நின்றது. அப்புறம்தான் பார்த்தார். பார்த்துவிட்டு நிமிர்ந்து மருமகனைப் பார்த்தார்.

மருமகன் பெல்ட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான். துணி விலகிக் கிடக்கிற ஆளைப் பார்க்க நேர்ந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வோமே, அப்படி. திருப்பிக்கொண்ட பிறகுதான், துணி விலகிக் கிடப்பது தனக்கு என்று உறைத்தது.

"தங்கப்பல்!"

அது அவன் குரல் இல்லை. ஓட்டை விழுந்த குரல். பல் இல்லாத இடத்தில் காற்றுப் பிய்த்துக்கொண்டு போய், கடைசி எழுத்து சீட்டி மாதிரி வந்தது. ஆனாலும் போய்ச் சேர்ந்தது. ஆபரேட்டர் பொத்தானை அறைந்தார். லைன் நின்றது. அவ்வளவு பெரிய ஹால் நின்றுபோனால் வருகிற அமைதி இருக்கிறதே, அதில் அவரவர் மூச்சு அவரவருக்கே கேட்கும்.

சூப்பர்வைசர் ஓடிவந்தார். "யாரு கத்துனது?"

தொட்டி தள்ளுகிறவர் டப்பாவை நீட்டினார். சூப்பர்வைசர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் மாறியது. "மேல போனதை எல்லாம் இறக்கு! லாரியை நகர விடாத!" என்று இரண்டு பக்கமும் கத்திவிட்டு மருமகனிடம் வந்தார்.

"நீ என்னன்னு கத்துன?"

"நாக்குன்னு சார்."

"இது நாக்கா?"

"இல்லை சார்."

"நாக்குக்கும் பல்லுக்கும் வித்தியாசம் தெரியாதவனா நீ?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சு ஏன் நாக்குன்னு கத்துன?"

அதற்கு ஒரு பதில்தான் இருந்தது. அந்தப் பதில் இரண்டு எட்டுத் தள்ளி, தள்ளுவண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தது.

"கேக்குறேன்ல? தூங்குனியா? தண்ணி போட்டுட்டு வந்தியா? வாயைத் தொறந்து சொல்லு, இல்லைன்னா இப்பவே கேட்டுக்கு வெளிய போ."

மருமகன் தரையைப் பார்த்தபடி நின்றான். சொல்லிவிட்டால் வேலை மிஞ்சும், சொல்லாவிட்டால் அவர் மானம் மிஞ்சும் என்று கணக்குப் போட்டு நின்றான் என்று எழுதலாம். அப்படி ஒன்றும் இல்லை. வார்த்தை வரவில்லை, அவ்வளவுதான்.

மெஷினுக்கு அடியிலிருந்து ஆயில் சித்தப்பா வெளியே வந்தார். நல்ல எண்ணத்தோடுதான் வந்தார்.

"சார், சார், பையன் மேல தப்பில்லை. மாமனார் பேரைச் சொல்ல வாய் கூசிடுச்சு அவனுக்கு."

"மாமனார் பேரா? யோவ், என்னய்யா உளர்ற?"

"தங்கப்பல்னா யாருன்னு நினைச்சீங்க? இந்தா, இவர்தான். நீங்கல்லாம் வர்றதுக்கு முன்னாடி இந்த மெஷின்ல நின்னவரு. அவர் பல்லை வச்சு வந்த பேருதான் அது. அவர் பக்கத்துல நிக்கும்போது மாப்ள எப்படி சார் கத்துவான்?"

எல்லோரும் மாமனார் வாயைப் பார்த்தார்கள். அப்புறம் பேலட் பக்கமிருந்து ஒருவன் சிரித்தான். அவன் சிரித்ததும் மற்றவர்களுக்கும் அனுமதி கிடைத்த மாதிரி ஆகிவிட்டது.

"அடப்பாவி, அது ஆளோட பேரா! நான் பூச்சு மினுங்குறதுக்கு வச்ச பேருன்னுல்ல நினைச்சேன்."

"இத்தனை நாளா ஆளை வச்சுக்கிட்டேவா பேரைக் கூப்பிட்டுக்கிட்டு இருந்தோம்?"

"பெரியவரே, ஒரு தடவை சிரிங்க, பார்ப்போம்!"

மாமனார் சிரித்தார். கையை வாய்மேல் வைத்துக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். நாமும் சேர்ந்து சிரித்துவிட்டால் சீக்கிரம் முடியும் என்று பழகித் தெரிந்துகொண்ட சிரிப்பு. மருமகன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். நகத்துக்குள் தகட்டுத் தூள் கறுப்பாக இருந்தது.

சூப்பர்வைசருக்கும் சிரிப்பு வந்துவிட்டதால் வேலை பிழைத்தது. "மாமனும் மாப்ளையும் சேர்ந்து யார்டுல உட்கார்ந்து எல்லாத்தையும் பிரிச்சுப் பாருங்க. ஒண்ணு தப்புனாலும் ரெண்டு பேரும் வெளிய" என்று சொல்லிவிட்டுப் போனார்.

யார்டில் வெயில். இறக்கின பேலட்டுகளுக்கு நடுவே இருவரும் கவிழ்த்துப் போட்ட தொட்டிமேல் உட்கார்ந்து, ஒவ்வொரு டப்பாவாக எடுத்து, நகத்தை ஓட்டி, நல்லதை ஒரு பக்கமும் கெட்டதை ஒரு பக்கமும் போட்டார்கள். ரொம்ப நேரம் தகடு தகட்டோடு மோதுகிற சத்தம்தான்.

"மாமா..."

"பேசாம பாரு."

வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் அவனை 'வாங்க மாப்ள, உட்காருங்க மாப்ள' என்றுதான் சொல்லியிருக்கிறார். 'பாரு' என்று ஒருமையில் வந்தது இதுதான் முதல் தரம். அவனுக்கு அது தேவையாகத்தான் இருந்தது.

"உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னுதான்..."

"எனக்கா?" அவர் கையிலிருந்த டப்பாவைக் கெட்டதன் பக்கம் வீசினார். "தினம் எத்தனை பேரு கத்துறான். எனக்கு என்ன சங்கடம்? அது டப்பா பேரு. எத்தனை வருசம் ஆச்சு தெரியுமா, அது டப்பா பேரா மாறுறதுக்கு? அன்னிக்கு இருந்தவன் ஒவ்வொருத்தனா போனான், புதுசு புதுசா ஆள் வந்தான், பூச்சு மினுங்குதுன்னு அவனுங்களே ஒரு கதை கட்டிக்கிட்டானுங்க. அப்பாடான்னு இருந்தேன். நீ வந்து அதைத் தூக்கி மறுபடி என் பேரா ஆக்கிட்ட."

மருமகன் நகத்தை ஓட்டிக்கொண்டே இருந்தான். கண்ணில் நீர் முட்டியதில் ஒட்டு தெரியவில்லை. நகம் பார்த்துக்கொண்டது.

"கத்தியிருந்தா எனக்கு ஒண்ணுமில்லை. குனிஞ்சு அள்ளிக்கிட்டுப் போயிருப்பேன். நீ நாக்குன்னு சொன்ன பாரு, அப்பத்தான் சுருக்குன்னுச்சு. அப்ப இவனுக்குத் தெரியும், தெரிஞ்சு நமக்காக வெட்கப்படுறான்னு." அடுத்த டப்பாவை எடுத்துக்கொண்டே, "மீன் டப்பாடா இது. பிள்ளைகுட்டிக்காரன் சாப்பிடுறது" என்றார்.

"தப்புதான் மாமா."

"வீட்ல சொல்லாத. அவளுக்குத் தெரிய வேண்டாம்."

"சொல்ல மாட்டேன்."

"நீ எங்க சொல்லப் போற. உனக்குத்தான் சொல்லவே வராதே."

அன்றைக்கு வீட்டுக்கு இருவரும் ஒன்றாகத்தான் போனார்கள், ஆனால் தெருவில் ஆளுக்கொரு ஓரமாக நடந்தார்கள். மனைவி தையல் மெஷினை மூடி வைத்துவிட்டுச் சோறு போட்டாள். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன, ரெண்டு பேரும் எழவு வீட்டுக்குப் போய்ட்டு வந்த மாதிரி இருக்கீங்க?"

மாமனார் தண்ணீர்ச் சொம்பை எடுத்தார். அவள் விடுகிறவள் இல்லை. கடைசியில் மருமகன், "நான் ஒரு தப்பைத் தப்பாச் சொல்லிட்டேன். டப்பா மேல போயிடுச்சு. இறக்கிப் பிரிக்க வேண்டியதாப் போச்சு" என்றான்.

"எந்தத் தப்பு?"

"அன்னிக்குச் சொன்னேன்ல. அதுதான்." பேரைச் சொல்லவில்லை.

"அதை என்னன்னு சொன்னீங்க?"

"நாக்குன்னு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பக்கத்துலயே அப்பாவை வச்சுக்கிட்டு இப்படியா? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? அந்த மெஷின்ல நின்னவராம், அம்மா உசுரோட இருந்தப்ப சொல்லிச் சொல்லி மாஞ்சுபோகும். அப்பா கையில ஒரு டப்பா தப்பாப் போனதில்லைன்னு."

இரண்டு ஆண்களும் தட்டைப் பார்த்தார்கள். மருமகன் குழம்பு கேட்கலாமா என்று யோசித்தான். ஏதாவது ஒன்றைக் கேட்டு அந்த இடத்தைத் தாண்டிவிட வேண்டும்போல இருந்தது.

"போயிருக்கு" என்றார் மாமனார்.

"என்ன?"

"என் கையிலயும் போயிருக்கு. ஒண்ணு ரெண்டு இல்லை. லாரி லாரியாப் போயிருக்கு. அதனாலதான் தொட்டி தள்ள விட்டாங்க. அந்தப் பேரே என்னால வந்ததுதான்." தலை நிமிராமல், சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். காது சிவந்திருந்தது.

மகள் கரண்டியோடு நின்று அவரைப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள். அவள் முகம் இளகியது.

"மாப்பிள்ளையை விட்டுக்குடுக்க மாட்டீங்களே!" என்றாள். "அவர் மனசு கஷ்டப்படுமேன்னு உங்க தலையில மண்ணை அள்ளிப் போட்டுக்குவீங்களா? சாப்பிடுங்க, போதும்." அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

மாமனார் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். அந்த ஒரு வாக்கியத்தைத் தொண்டையிலிருந்து வெளியே கொண்டுவர அவருக்கு அவள் சின்னப் பிள்ளையாக இருந்த காலம் தொட்டு இத்தனை வருசம் தேவைப்பட்டிருக்கிறது. அது வெளியே வந்து, நல்ல மனசு என்று பேர் வாங்கிக்கொண்டு நின்றது. இன்னொரு தரம் சொல்ல அவருக்குத் தெம்பில்லை. ஆமாம், அவர் சொன்னது நிஜம்தான் என்று மருமகன் சொல்லியிருக்கலாம். சொல்லாதே என்று அவரே சொல்லியிருக்கிறார், இப்போது அவரே சொல்லிவிட்டார், இதில் தான் எந்தப் பக்கம் நிற்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. வைத்த சோற்றை இருவரும் சாப்பிட்டு முடித்தார்கள்.

காலையில் ஹாலுக்குள் கால் வைத்ததும், "மாப்ள!" என்று யாரோ கத்தினார்கள். திரும்பினான். அவனை யாரும் கூப்பிடவில்லை. பேலட் அடுக்குகிறவன் சூப்பர்வைசரிடம் கையைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தான்: "இது நேத்து மாப்ள சார். இதையும் பிரிக்கணுமா, கழிவுல போட்டுடவா?"

புரிய அவனுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. தப்பு வந்த நேரத்துக்கும் அதைக் கத்தின நேரத்துக்கும் நடுவில் லைனைத் தாண்டிப் போய்விடுகிற டப்பாக்களுக்கு இத்தனை நாளாகப் பேரே இல்லை. இப்போது வந்துவிட்டது. பேர் கச்சிதமாக இருந்தது. சின்னதாக, இரைச்சலில் கேட்கிற மாதிரி. அவனே வைத்திருந்தாலும் இவ்வளவு நன்றாக வைத்திருக்க மாட்டான்.

லைன் ஓடத் தொடங்கியது. சக்கரம் கிறீச்சிட்டது. மாமனார் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து அவன் காலடித் தொட்டியை இழுத்தார். மேலேயிருந்து மறுபடி, "மாப்ள எத்தனை இருக்கு?" என்று குரல் வந்தது. அவன் தலை பட்டென்று திரும்பியது. அவனுக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"திரும்பாதீங்க" என்றார் மாமனார், தொட்டியை அள்ளிக்கொண்டே. மறுபடி பன்மைக்கு வந்திருந்தார். "மொதல்ல கொஞ்ச நாள் கழுத்து தானாத் திரும்பும். புடிச்சு வச்சுக்கணும்."

"எவ்வளவு நாள் மாமா?"

அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். அவர் வாசலைத் தாண்டுவதற்குள் ஒட்டுக்குக் கீழே ஒரு துளி மஞ்சள் மினுங்கியது. மருமகன் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே, இருக்கிற மூச்சையெல்லாம் இழுத்து, அந்தப் பேரையே கத்தினான்.

ஹாலில் எல்லாத் தலையும் திரும்பியது. இந்தத் தடவை டப்பாவைப் பார்க்க இல்லை, வாசலைப் பார்க்க. மாமனார் திரும்பவில்லை. சக்கரம் கிறீச்சிட்டபடி போய்க்கொண்டே இருந்தது.